டிக்கெட் இருந்தும் அபராதம்! இத்தாலி ரெயிலில் ஏறுவோர் உஷார்!

கையில் டிக்கெட் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்தான். ஆனாலும் பரிசோதகர் அபராதம் போடுகிறார். இத்தாலிக்குச் சுற்றுலா போகும் வெளிநாட்டுக்காரர்கள் பலர் இப்படி மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார்கள்.

ஏன் இந்தக் கூத்து?

அங்கே ரெயிலில் முக்கியமாக 2 ரகம். ஒன்று, ஊருக்கு ஊர் நின்று போகும் வட்டார ரெயில். மற்றொன்று, மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும் அதிவேக ரெயில். இரண்டுக்கும் டிக்கெட் சட்டம் வேறு வேறு.

முத்திரை முக்கியம்

வட்டார ரெயிலின் காகித டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. அன்றைய தினம் அந்தப் பாதையில் எந்த வட்டார ரெயிலிலும் ஏறலாம். அப்படியானால் ஒரே டிக்கெட்டில் ஒரு ஆள் இரண்டு தடவை போய்விட்டால்? அதைத் தடுக்கத்தான் முத்திரை.

பிளாட்பாரத்தில் சின்ன எந்திரம் இருக்கும். ஏறுவதற்கு முன்பு டிக்கெட்டை அதில் செருக வேண்டும். தேதியும் நேரமும் பதிவாகும். அந்த நேரத்தில் இருந்து 4 மணி நேரம் வரை டிக்கெட் செல்லும்.

"அதான் டிக்கெட்டு வாங்கியாச்சே!" என்று ஏறி உட்கார்ந்தால் போச்சு. பக்கத்து ஊருக்குப் போகிறவருக்கு அபராதம் டிக்கெட் விலையைப் போல் பல மடங்கு ஆகிவிடும்.

எந்திரம் ரிப்பேரா? தேதி, நேரம், ஸ்டேஷன் பெயரை டிக்கெட்டில் பேனாவால் எழுதி, ஏறியதும் தாமாகவே பரிசோதகரிடம் சொல்லிவிட வேண்டும்.

செல்போனில் வாங்கும் வட்டார டிக்கெட்டுக்கும் 2023-ம் ஆண்டு கட்டுப்பாடு வந்தது. ரெயில் புறப்படும் முன் செல்போனிலேயே 'செக்-இன்' செய்தாக வேண்டும் என்று அப்போது விதி வந்தது.

மாறி ஏறாதீர்!

அதிவேக ரெயிலுக்கு முத்திரை வேண்டாம். ரெயில் எண், பெட்டி, இருக்கை எல்லாம் டிக்கெட்டிலேயே இருக்கும். ஆனால் அந்த ரெயிலில் மட்டும்தான் அது செல்லும்.

இதில் இன்னொரு சிக்கல். ரோம்-பிளாரன்ஸ் பாதையில் அரசுக்குச் சொந்தமான டிரெனிட்டாலியா ரெயிலும் ஓடுகிறது. 2012-ல் தொடங்கிய தனியார் 'இட்டாலோ' ரெயிலும் ஓடுகிறது. ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது.

காசு மிச்சம்

அதிவேக ரெயிலுக்கு முன்கூட்டியே வாங்கினால் மலிவு. ஆனால் அடிமட்ட விலை டிக்கெட்டை மாற்றுவதும் ரத்து செய்வதும் கஷ்டம். வட்டார ரெயிலுக்கு என்றைக்கு வாங்கினாலும் ஒரே கட்டணம், அவசரமே இல்லை.

டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கிறதா? குறிப்பிட்ட ரெயிலைத் தேடிப் பிடியுங்கள். இல்லையா? முதலில் முத்திரை, அப்புறம்தான் படிக்கட்டு!