“எங்களுக்கு மனபலம் இல்லையெண்டோ சொல்லுறியள்?”

“மிஸ், எங்களுக்கு மனபலம் இல்லையெண்டோ சொல்லுறியள்?”

2016 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு உளநலம் பற்றிப் பேசச் சென்றிருந்தபோது, தையல் பிரிவுச் சகோதரி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைத் தனியாக, இரண்டு பிள்ளைகளோடு கடந்தவர் அவர். கணவர் பற்றி எந்தத் தகவலும் இல்லை. சமூகவியல் படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை.

நான் கொண்டுபோன குறிப்புகளில் அமெரிக்க ஆய்வாளர் பிரெட் லூதான்ஸின் கருத்துகள் இருந்தன. ஊழியரின் ‘உள மூலதனம்’ என்று நான்கு விடயங்களை அவர் கூறுகிறார். எதிர்பார்ப்பு, தன்னால் முடியும் என்ற துணிவு, விழுந்தாலும் எழும் ஆற்றல், நல்லது நடக்கும் என்ற மனப்பாங்கு. இவை பிறவிக் குணங்களல்ல, வளர்க்கக் கூடியவை என்பது அவரது வாதம்.

மூன்றாவதை எங்கள் பெண்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. சிக்கல் முதலாவதில்தான். உளவியலாளர் ஸ்னைடரின் விளக்கப்படி, எதிர்பார்ப்புக்கு மனவுறுதி மட்டும் போதாது. போய்ச்சேர வழியும் தெரிய வேண்டும். அந்தச் சகோதரியிடம் உறுதி இருந்தது. வழிதான் அடைபட்டிருந்தது. பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கு அரைநாள் லீவு கேட்டால் முகச்சுழிப்பு. ஒரு தையல் பிழைத்தால் முழு லைனுக்கும் கேட்க ஏச்சு. மலசலகூடம் போகவும் அனுமதிச் சீட்டு. இந்த நிலையில் “நம்பிக்கையோடு இருங்கள்” என்று சொல்வது எவ்வளவு சுலபம்! அதைச் சொல்லத்தான் நானும் போயிருந்தேன்.

குறிப்புகளை மூடிவிட்டு அவர்களைப் பேசவிட்டேன். ஊழியர் சேமலாப நிதிக்குத் தங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் சேர வேண்டுமென்பது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று அதிக நேரம் பேசியது அதைப் பற்றியே. “அப்ப வயது போன காலத்தில பிள்ளையளிட்டக் கையேந்தத் தேவையில்லை” என்றார் அந்தச் சகோதரி. கூட்டம் முடியும்வரை அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மேற்பார்வையாளர்களோடு தனியாகவும் கதைத்தேன். பிழையை மெசினடியில் வந்து மெதுவாகச் சொல்லலாம், பழகியவரைக் கொண்டே புதியவருக்குப் பழக்கலாம் என்றேன். சிலர் தலையாட்டினர், சிலர் மணிக்கூட்டைப் பார்த்தனர்.

அடுத்தமுறை போனபோது அந்தச் சகோதரி புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்குக் கொலர் தைக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். கையசைத்தார், எழுந்து வரவில்லை. மலசலகூடச் சீட்டு அப்போதும் சுவரில் தொங்கியது.