தென்முனைக் கடலின் உமி

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடலுக்கு அடியில், மூவாயிரம் நாலாயிரம் மீட்டர் ஆழத்தில், அந்தக் கண்டத்தையே வளைத்துக்கொண்டு வெளிறிய சேற்றுப் பட்டை ஒன்று கிடக்கிறது. அதில் மணலும் களிமண்ணும் கொஞ்சம்தான். பெரும்பகுதி ஓடுகள். டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசி, கடல்நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் ஓடுகள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராதவை ஏராளம். நுண்நோக்கியில் வைத்தால் ஒவ்வொன்றிலும் வரிசை பிசகாத துளைகளும் விலா எலும்பு போன்ற கோடுகளும் தெரியும்.

இவற்றை அந்தக் கடலில் முதலில் கவனமாகப் பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் ஹூக்கர். 1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் கிளார்க் ராஸின் கப்பல்களில் தென்துருவப் பக்கம் சென்ற இளம் தாவரவியலாளர். மிதக்கும் பனிக்கட்டிகளில் படிந்திருந்த பழுப்பு நிறம் இந்த நுண்ணுயிர்களால் வந்தது என்று அறிந்தார். வேறு செடிகொடி இல்லாத அந்தப் பிரதேசத்தில் எல்லா விலங்குகளுக்கும் அடிப்படை உணவு இவைதான் என்றும் அப்போதே உணர்ந்துவிட்டார். பிறகு 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கடலடியைத் துழாவியபோது, இந்த ஓட்டுச் சேறு எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பது தெரியவந்தது.

ஹூக்கர் சொன்னது சரி. டயாட்டத்தைக் கிரில் என்னும் சிறு இறால் போன்ற உயிர் தின்கிறது. கிரிலைப் பென்குவினும் சீலும் திமிங்கலமும் தின்கின்றன. டயாட்டம் வளரும்போது நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடையும் எடுத்துக்கொள்கிறது. அதன் உடலில் ஒரு சிறு பங்கு ஆழத்துக்கு இறங்கிவிட்டால், அந்தக் கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் காற்றுக்குத் திரும்பாது. ஆகவே இந்தக் கடல் எந்தக் காலத்தில் எவ்வளவு விளைந்தது என்பது உலகத்தின் தட்பவெப்பத்தைத் தொட்ட கேள்வி. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், அங்கே விளைச்சல் கூடியதா, குறைந்ததா? அதற்கு விடை தேடத்தான் விஞ்ஞானிகள் நீண்ட எஃகுக் குழாய்களைக் கடலடியில் செருகி, சேற்றை உருளை உருளையாக மேலே கொண்டுவருகிறார்கள்.

அளக்கும் முறை எளிமையானது. சேற்றைச் சூடான சோடியம் கார்பனேட் கரைசலில் மணிக்கணக்கில் வைத்தால் ஓடுகள் கரைந்துவிடும். அதில் மாலிப்டேட் சேர்த்து வினைப்படுத்தினால் நீலம் பூக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சிலிக்கா. ஆனால் சிலிக்கா கூடினால் விளைச்சல் கூடியது என்று சொல்லிவிட முடியுமா? களத்தில் கிடக்கும் உமியை வைத்து, விளைந்த நெல்லைக் கணிக்கிற வேலை இது. நெல்லை எப்போதோ உண்டாயிற்று. உமியிலும் பாதி மட்கிவிட்டது. மிச்சத்தைக் காற்று பக்கத்துக் களத்துக்கு அடித்துப் போயிருக்கலாம். பக்கத்துக் களத்து உமி இங்கே வந்து குவிந்தும் இருக்கலாம்.

முதல் இழப்பு கரைவது. கடல்நீர் சிலிக்காவுக்கு எப்போதும் பசித்தே இருக்கிறது. உலகக் கடல்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டால், டயாட்டங்கள் கட்டிய ஓட்டில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் அடியில் நிலையாகப் புதைகிறது. உடலில் இருந்த கார்பன் அதைவிடவும் குறைவாகவே தப்புகிறது.

இரண்டாவது சிக்கல் நீரோட்டம். அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் நீரோட்டம் உலகிலேயே மிகப் பெரியது. அது அடிச்சேற்றை வாரி ஓரிடத்தில் குவிக்கும், இன்னோரிடத்தில் சுரண்டிவிடும். மேலிருந்து விழுந்ததைப் போலப் பல மடங்கு சேறு பக்கவாட்டில் வந்து சேர்ந்த இடங்கள் உண்டு. அதைப் பார்த்து அமோக விளைச்சல் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். இதற்குக் கண்டுபிடித்த தீர்வை இந்தத் துறையின் மிக அழகான யுக்தி என்றே சொல்வேன். கடல்நீரில் யுரேனியம் ஏறக்குறைய ஒரே சீராகக் கரைந்திருக்கிறது. அது சிதைந்து தோரியம் 230 என்ற ஐசோடோப்பு உருவாகிறது. தோரியத்துக்கு நீரில் தங்கப் பிடிக்காது. கிடைத்த துகளில் ஒட்டிக்கொண்டு சில பத்தாண்டுகளுக்குள் அடிக்குப் போய்விடும். எனவே ஒரு சதுர மீட்டர் கடலடிக்கு ஆண்டுக்கு எவ்வளவு தோரியம் விழும் என்பதை, நீரின் ஆழத்தை வைத்தே கணக்கிடலாம். சேற்றில் அதைவிட மிகுந்திருந்தால் அந்த மிகுதி நீரோட்டம் கொண்டுவந்து கொட்டியது. அதைக் கழித்துவிட்டால், நேராக மேலிருந்து விழுந்தது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது சிக்கல் உயிரிலேயே இருக்கிறது. தென்கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிதமிஞ்சி உள்ளன, இரும்புக்குத்தான் பஞ்சம். இரும்பு கிடைக்காத டயாட்டம் தன் உடலுக்குத் தேவையானதைவிடத் தடித்த ஓட்டைக் கட்டுகிறது. ஃப்ராஜிலாரியாப்சிஸ் கெர்கெலென்சிஸ் என்ற இனம் இப்படித் தடித்த ஓட்டுக்குப் பேர்போனது. தின்ன வரும் கோபிபாடு என்னும் சிற்றுயிர்களுக்கு அதைக் கடிப்பது கஷ்டம். அது இறந்தால் ஓடு அடிக்குப் போகும், கார்பன் பெரும்பாலும் மேலேயே கரைந்து நின்றுவிடும். உமி மலைபோலக் குவிந்திருக்க, நெல் கொஞ்சமாக விளைந்த வயல் அது.

ஆகவே ஒரே சாட்சியை நம்பக் கூடாது. அழுகும் உடல்களின் அருகே நீரில் உருவாகும் பேரியம் சல்பேட் படிகங்கள் இன்னொரு சாட்சி. நைட்ரஜன் ஐசோடோப்பு மற்றொன்று. பாசி எடை குறைந்த நைட்ரஜனையே விரும்பி எடுக்கும். நைட்ரேட் தீரத் தீர எடை கூடியதையும் எடுத்தாக வேண்டும். ஓட்டுக்குள் சிக்கிய நைட்ரஜனைப் பார்த்தால், அன்றைய பாசி தட்டில் இருந்ததை எவ்வளவு காலி செய்தது என்று தெரிந்துவிடும். டயாட்டத்தின் இனங்களும் பேசும். ஃப்ராஜிலாரியாப்சிஸ் கர்ட்டா மிகுந்தால் அங்கே கடற்பனி இருந்தது. கீட்டோசெரஸின் உறக்க வித்துகள் குவிந்திருந்தால், பாசி திடீரெனப் பெருகும் பெரும் பூப்பு ஒன்று வந்து முடிந்தது.

சாட்சிகள் எல்லாம் கூடிச் சொன்னது எதிர்பாராத கதை. பனியுகத்தில் தென்கடலின் விளைச்சல் ஒட்டுமொத்தமாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்டார்க்டிகாவை ஒட்டிய பகுதியில் கடற்பனி பரவி விளைச்சல் சுருங்கியது. அதற்கு வடக்கே பெருகியது. நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே சுமார் 3,700 மீட்டர் ஆழத்தில் தோண்டப்பட்ட 1090 என்ற துளையின் சேற்றில் இதன் காரணம் தெளிவாகப் பதிந்திருக்கிறது. ஆல்ஃப்ரெடோ மார்ட்டினெஸ் கார்சியாவும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காற்று கொண்டுவந்த தூசி, பாசி விளைச்சல், நைட்ரேட் காலியான அளவு மூன்றும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. தூசியில் இரும்பு இருந்தது. வறண்ட, காற்று மிகுந்த பனியுகம் கடலுக்கு எரு போட்டது. பனியுகத்தில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 180க்கு இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தில் சுமார் 40 பங்குவரை இந்த எருவால் வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. தூசியும் இரும்பும் பனியுகமும் தொடர்புடையவை என்று கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1990 வாக்கில் வாதிட்டபோது பலர் நம்பவில்லை. 1993இல் அவர் இறந்தார். சேறு அவர் பக்கம் பேசியதைக் கேட்க அவர் இல்லை.

கடலில் இரும்பைக் கொட்டினால் புவி வெப்பம் தணியுமே என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். 2009இல் இந்திய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் போலார்ஸ்டெர்ன் கப்பலில் சென்று லோஹாஃபெக்ஸ் என்ற சோதனையாகக் கொட்டிப் பார்த்தார்கள். பாசி வளர்ந்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா முன்பே தீர்ந்திருந்ததால் டயாட்டம் வளரவில்லை. வளர்ந்த மற்றப் பாசியைச் சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பம். பல்லாயிரம் ஆண்டுத் தூசி செய்ததைச் சில வாரத்து இரும்பு செய்யாது என்பதே என் கருத்து.

கரையை நெருங்கினால் சேற்றின் கதை வேறு மாதிரி. 2010இல் ஜாய்டெஸ் ரெசொல்யூஷன் கப்பல் கிழக்கு அண்டார்க்டிகாவின் அடேலி கரைக்கு அருகே தோண்டியபோது, 170 மீட்டர் தடிமனுக்கு டயாட்டச் சேறு கிடைத்தது. அவ்வளவும் கடந்த பதினோராயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் படிந்தது. ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் சேரும். இங்கே ஓர் ஆண்டுக்கே ஒன்றரை சென்டிமீட்டர். கோடைப் பூப்பு ஓர் அடுக்கு, அடுத்தது இன்னோர் அடுக்கு. மனிதன் பயிரிடத் தொடங்கிய காலத்திலிருந்து அந்தக் கடலின் ஒவ்வோர் ஆண்டு விளைச்சலும் அங்கே வரி வரியாக இருக்கிறது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2004இல் சாகர் கன்யா கப்பல் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எடுத்த சேற்று உருளைகளைக் கோவாவிலுள்ள துருவ, கடல் ஆய்வு மையத்தினர் ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் உலகத்துக்காகத் தோண்டிய ஜாய்டெஸ் ரெசொல்யூஷன், வட துருவப் பக்கம் ஸ்வால்பார்ட் அருகே 2024இல் தன் கடைசி ஆய்வுப் பயணத்தை முடித்துக்கொண்டது. அதற்குப் பணம் கொடுத்துவந்த அமெரிக்கா அதை நிறுத்திக்கொண்டது. துருவக் கடற்பனி வேகமாக மாறிவரும் நேரத்தில் இப்படி நடந்திருக்கக் கூடாது. எடுத்த உருளைகள் பிரேமனிலும் டெக்சாஸிலும் ஜப்பானின் கோச்சியிலும் குளிரறைகளில் பத்திரமாக உள்ளன. எடுக்காதவை இன்னும் மிகுதி. கடலாய்வில் ஆசை கொண்ட நம் நாடு, அடுத்த கப்பலுக்கான செலவில் துணிந்து பங்கெடுக்க வேண்டும்.