சிமெண்ட் தூசிப் பகுதிகளில் கார் சக்கரங்களையும் கண்ணாடிகளையும் தூய்மை செய்தல்

கார் மீது படியும் தூசி எல்லா ஊர்களிலும் ஒரே தன்மை கொண்டதன்று. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் சாலையோர மண்ணுடன் சுண்ணாம்புக்கல் தூளும், சில இடங்களில் சிமெண்ட் தூளும் கலந்து படிகின்றன. ஆகவே இங்கு வீட்டில் காரைத் தூய்மை செய்யும்போது ஓர் அடிப்படை விதியை நினைவில் கொள்ள வேண்டும்: நிறைய நீர் ஊற்றித் தூசியை இறக்கிய பிறகே துணியை எடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். சிறிதளவு நீர் மட்டும் பட்டால் சிமெண்ட் தூள் இறுகிவிடும்.

பின்னணி

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அரியலூர் 2007ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. கிரெட்டேசியக் காலத்தில் இப்பகுதியின் பெரும்பரப்பு கடலடியில் இருந்தது. அக்கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்டுக்கு மூலப்பொருள். அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் மாவட்டத்தில் பல உள்ளன. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் செல்லும் சாலைகளில் வெண்சாம்பல் நிறத் தூசி படிவது வழக்கம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர் கரிசல் காடுகளில் சிக்கல் வேறு வகையானது. மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்துவிடுகிறது.

தூசியின் தன்மை

சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் கடினத்தன்மை மோ அளவுகோலில் 3. கண்ணாடியின் கடினத்தன்மை சுமார் 5.5. எனவே சுண்ணாம்புத் தூள் மட்டும் கண்ணாடியை எளிதில் கீறாது. ஆனால் சாலை மண்ணில் உள்ள குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை 7. இரண்டும் கலந்த தூசியை உலர்ந்த துணியால் தேய்த்தால், துணியே உப்புத்தாள் போல் ஆகிவிடும்.

சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகள் நீருடன் வினைபுரிந்து இறுகுகின்றன. அப்போது கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. இதனால் ஈர சிமெண்டின் பி.எச். மதிப்பு 12க்கும் மேல் இருக்கும். இது வலுவான காரத்தன்மை. மார்கழி, தை மாதங்களில் இரவு முழுதும் வெளியில் நிற்கும் காரில், பனி ஈரமே இந்த வினைக்குப் போதுமானது. காலையில் வெயில் ஏறியதும் தூசி மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறுமுன் நிறைய நீர் ஊற்றினால் இறுகாத துகள்கள் அடித்துச் செல்லப்படும்.

தேவையான பொருட்கள்

இரண்டு வாளிகள், ஒரு குவளை, கார் ஷாம்பு, சக்கரத்திற்கென ஒரு மென்மையான தூரிகை, கண்ணாடிக்கெனத் தனியாக இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள், ரப்பர் கையுறை ஆகியவை போதும். சக்கரம் துடைத்த துணியைக் கண்ணாடிக்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள்கள் இருக்கும்.

சக்கரங்கள்

காரைச் சமதளத்தில், நிழலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைப்பிரேக்கைப் போட வேண்டும். ஓடி வந்தவுடன் பிரேக் டிஸ்க் மிகுந்த சூட்டில் இருக்கும். அதன் மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் டிஸ்க் கோணிப்போக வாய்ப்புண்டு. ஆகவே சூடு தணியும் வரை காத்திருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு சக்கரமாக நீர் ஊற்றி, ஷாம்பு நீரில் நனைத்த தூரிகையால் தேய்த்து, அது காயுமுன் அலச வேண்டும். பிரேக் தூளை வாயால் ஊதியோ காற்றுக்குழாயால் அடித்தோ அகற்றக் கூடாது. பழைய வகை பிரேக் பேடுகள் சிலவற்றில் கல்நார் இருக்கக்கூடும். அதன் இழைகள் நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பவை. நனைத்துக் கழுவினால் தூள் பறக்காது.

ரிம்மின் உட்புறத்தில் ஒட்டியுள்ள கரிசல் மண்ணை முதலில் ஊறவைத்து, பின்பு மரக்குச்சியால் தள்ளி எடுக்கலாம். மண் ஒரு பக்கமாகத் தங்கினால் சக்கரத்தின் சமநிலை குலைந்து, வேகமாகச் செல்லும்போது ஸ்டீயரிங் அதிரும். டயரைப் பளபளப்பாக்கும் எண்ணெய்ப் பொருட்களைத் தரையில் படும் பகுதியில் பூசக் கூடாது. பூசினால் டயர் வழுக்கும்.

கண்ணாடிகள்

சக்கரம் கழுவும்போது அழுக்கு நீர் தெறிக்கும் என்பதால் கண்ணாடியைக் கடைசியில் தூய்மை செய்வது நல்லது. வைப்பரைத் தூக்கி வைத்துவிட்டு, மேலிருந்து கீழாக நீர் ஊற்ற வேண்டும். பின்பு ஷாம்பு நீரில் நனைத்த துணியால் அழுத்தாமல் துடைத்து, அலசி, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். வைப்பரின் ரப்பர் விளிம்பையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அங்கே தங்கும் மணல்தான் முன்கண்ணாடியில் வில் வடிவக் கீறல்களை உண்டாக்குகிறது. இதே காரணத்தால், தூசி படிந்த உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை இயக்கக் கூடாது.

நுண்ணிய கீறல்கள் பகலில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கொளி அவற்றில் பட்டுச் சிதறும்போது சாலையில் நடப்பவரும் மறைந்துவிடுவர். கண்ணாடியின் உட்புறத்தில் படியும் எண்ணெய்ப் படலமும் இதே விளைவைத் தருவதால், வாரம் ஒருமுறை உட்புறத்தையும் துடைக்க வேண்டும். பின்கண்ணாடியில் பனிநீக்கிக் கம்பிகள் இருந்தால், அவற்றின் போக்கிலேயே துடைக்க வேண்டும்.

வெள்ளைக் கறைகள்

சுண்ணாம்புப் பாறைப் பகுதியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினநீராக உள்ளது. இந்த நீர் கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் தங்கும். ஈரத்தை உடனே ஒற்றி எடுப்பதே இதற்கு எளிய வழி. கறை ஏற்கெனவே படிந்திருந்தால், சமையல் வினிகரில் சம அளவு நீர் கலந்து துணியில் நனைத்து, சில நிமிடங்கள் கண்ணாடியில் ஒற்றி வைத்து, பின் நன்கு அலசலாம். இறுகிய சிமெண்டைப் பிளேடால் சுரண்டுவதைத் தவிர்த்து, அனுபவமுள்ள பணிமனையை நாடுவது நல்லது.

செய்யக் கூடாதவை

கழிப்பறை ஆசிட்டைக் கொண்டு சக்கரத்தையோ கண்ணாடியையோ கழுவுவது ஆபத்தானது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அலாய் வீல்களின் அலுமினியத்தையும் பிரேக் டிஸ்க்கின் இரும்பையும் அரிக்கும். சலவைச் சோடா போன்ற காரப் பொருட்களும் அலாய் வீலுக்கு ஆகாது. அலுமினியம் அமிலம், காரம் இரண்டுடனும் வினைபுரியும் உலோகம். ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

ஈர சிமெண்ட் தோலையும் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடும் தூய நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கழுவிய பின்

பிரேக் நனைந்திருக்கும் நிலையில் அதன் பிடிப்பு சற்றுக் குறையும். எனவே காரை மெதுவாக ஓட்டி, ஆளில்லாத இடத்தில் சிலமுறை பிரேக்கை மென்மையாக அழுத்திப் பார்த்து, பிடிப்பு திரும்பியதை உறுதி செய்த பின்னரே சாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.