குகைப் படிவுகள் கூறும் மலை வரலாறு

மும்பையை அடுத்த கோபர்கைரனேயின் கிழக்கே உயர்ந்து நிற்கும் குன்றுகள், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருகிய எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை. இந்தப் பசால்ட் பாறையைச் சுண்ணாம்புப் பாறையைப் போல நீர் கரைத்துக் குகையாக்குவதில்லை. அருகிலுள்ள எலிபெண்டா, கன்னேரிக் குகைகள் மனிதர் குடைந்தவை. மலை உயர்ந்ததையும் பள்ளத்தாக்கு ஆழமானதையும் கணிக்க உதவுபவை, சுண்ணாம்புப் பாறையில் நீர் அரித்த இயற்கைக் குகைகளே.

இக்குகைகள் பெரும்பாலும் ஆற்றின் நீர்மட்டத்தையொட்டி உருவாகின்றன. வெள்ளம் மணலையும் கூழாங்கற்களையும் உள்ளே கொண்டு சேர்க்கிறது. பின்னர் ஆறு தன் படுகையை அரித்துத் தாழும்போது குகை உயரத்தில் தங்கிவிடுகிறது. படிவின் வயதை அறிந்தால், ஆறு அவ்வளவு ஆழம் தாழ எடுத்துக்கொண்ட காலம் தெரியும்.

வயதை அறியும் வழி எளிய தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது. நிலப்பரப்பில் கிடக்கும் குவார்ட்ஸ் கற்களில் காஸ்மிக் கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் அணுக்களை ஏறத்தாழ 7-க்கு 1 என்ற விகிதத்தில் உண்டாக்குகின்றன. ஆழ்ந்த குகைக்குள் அக்கதிர்கள் எட்டுவதில்லை. அலுமினியத்தின் அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டுகள். பெரிலியத்தினுடையது சுமார் 14 லட்சம் ஆண்டுகள். எனவே விகிதம் குறைந்துகொண்டே வரும், அக்குறைவே கடிகாரமாகிறது. சுமார் 50 லட்சம் ஆண்டுகள் வரை இம்முறை பயன்படும்.

எடுத்துக்காட்டாக, ஆற்றுக்கு 100 மீட்டர் மேலுள்ள படிவின் வயது 10 லட்சம் ஆண்டுகள் எனில், ஆறு ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் வீதம் ஆழமாகியுள்ளது. அமெரிக்காவின் மாமத் குகையிலும் சியரா நெவாடா மலையிலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது. சியரா நெவாடாவில் ஆறுகள் முதலில் விரைவாகவும், சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து மெதுவாகவும் அரித்தமை தெரியவந்தது. ஆயினும், ஆழமாதலுக்கு நில எழுச்சி மட்டுமன்றித் தட்பவெப்ப மாற்றமும் காரணமாகலாம் என்பதை மறத்தலாகாது.

இந்தியாவில் மேகாலயாவின் சுண்ணாம்புக் குகைகள் இவ்வாய்வுக்குரிய களங்களாகும். 1897 ஜூன் 12-இல் பெரும் நிலநடுக்கம் கண்ட பீடபூமி அது. அங்குள்ள மாம்லு குகையின் கசிதுளிப் படிவு, 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலப்பகுதிக்கு 2018-இல் 'மேகாலயன்' என்னும் பெயரைப் பெற்றுத் தந்தது. சுண்ணாம்புக்கல்லுக்காகக் குன்றை வெட்டும்போதும், பார்வையாளர் வசதிக்காகத் தரையைத் துப்புரவு செய்யும்போதும் அகற்றப்படும் மணல் வெறுங்குப்பையன்று. அது இடம் பெயர்ந்தால் உயரமும் வயதும் இணைந்த சான்று அழியும். அதனை மீட்க இயலாது. எனவே, பணி தொடங்குமுன் படிவின் உயரத்தை அளந்து, மாதிரி எடுத்து வைத்தல் இன்றியமையாதது.