கையெழுத்துப் போட்டால் நீங்கள்தான் பெற்றோர்

குழந்தையில்லாத தம்பதியரை ஊர்ப்பேச்சு நிம்மதியாக இருக்க விடுவதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் செயற்கைக் கருத்தரிப்புக்காக வெளியூர் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: அங்கே மருத்துவமனையில் சம்மதப் படிவத்தில் போடும் கையெழுத்தே உங்களைப் பெற்றோர் ஆக்குகிறது.

பெற்றோர் யார்?

2008-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில், ஜப்பானியத் தம்பதிக்காக வாடகைத்தாய் வழியே மஞ்சி என்ற பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் தம்பதி மணமுறிவு பெற்றுவிட்டனர். தாய் யார் என்பதே கேள்வியாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சில மாதங்களுக்குப் பிறகே பாட்டி குழந்தையை ஜப்பானுக்கு அழைத்துச் செல்ல முடிந்தது.

2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள, செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. கருமுட்டையோ விந்தணுவோ வேறொருவருடையதானாலும், குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியின் சொந்தக் குழந்தையே. சொத்துரிமையும் உண்டு. கருவைக் கருப்பையில் வைக்கும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பிறந்த குழந்தையைக் கைவிட்டால் குற்றம். முதல் முறையே 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம். பெண்ணாகப் பிறந்தது, குறையோடு பிறந்தது, தம்பதி பிரிந்தது எதுவும் சாக்காகாது.

கருமுட்டை விற்பனைக்கல்ல

2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையைப் பலமுறை விற்ற புகாரில், பெற்ற தாயே கைதானார். போலி ஆதாரில் வயது கூட்டப்பட்டிருந்தது. சட்டப்படி 23 முதல் 35 வயதுள்ள பெண் மட்டுமே, வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் 7 கருமுட்டைகள் தானம் தரலாம். அவருக்கு 12 மாதக் காப்பீடும் எடுக்க வேண்டும். கருமுட்டை எடுப்பதற்காகப் போடும் ஹார்மோன் ஊசியால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். வெள்ளிமலையிலோ கச்சிராயபாளையத்திலோ பண ஆசை காட்டித் தரகர் எவரும் வந்தால் ஆதாரைக் கொடுக்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லி, நகல் வாங்குங்கள். முறைகேடு நடந்தால் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் காவல்துறையிடமும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்கள்: சிறுமியர் உள்ளிட்ட குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பிறக்கப்போகும் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அதனால் அதன் சார்பிலும் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.