ஐம்பது ஆண்டுகள் கலையாத வாத்தியக் கோஷ்டி

கோலா கெத்தில் வட்டாரத் தோட்டங்களில் திருவிழாவுக்கு வரும் மேளக் கோஷ்டிகளை நாம் அறிவோம். நாலைந்து பேர் கொண்ட கோஷ்டியே பணத்தாலோ மனத்தாங்கலாலோ சில ஆண்டுகளில் பிரிந்துவிடுவதுண்டு. ஐந்தாறு பேரில் தொடங்கி ஏறக்குறைய பதினைந்து பேராக வளர்ந்த ஒரு கோஷ்டி, ஐம்பது ஆண்டுகள் ஒரே தலைவரின் கீழ் வாசித்தது என்றால் நம்ப முடிகிறதா? அமெரிக்காவின் டியூக் எல்லிங்டன் கோஷ்டிதான் அது.

1899-இல் வாஷிங்டனில் பிறந்த கறுப்பினத்தவர் எல்லிங்டன். பியானோ வாசிப்பவர். நியூயார்க்கில் 1924-இல் தலைமைக்கு வந்தார். 1927-இல் 'காட்டன் கிளப்' எனும் கேளிக்கை விடுதியில் வேலை கிடைத்தது. மேடையில் வாசித்தவர்களும் ஆடியவர்களும் கறுப்பினத்தவர். ஆனால் அதே இனத்தவர் காசு கொடுத்து உள்ளே அமர்ந்து கேட்க இடமில்லை! தென் மாநிலங்களில் ஓட்டல்கள் அறை தர மறுத்தன. எனவே 1930-களில் எல்லிங்டன் தனி ரயில் பெட்டிகளை அமர்த்திக்கொண்டு, உண்பதையும் உறங்குவதையும் அவற்றிலேயே வைத்துக்கொண்டார். எவர் வாசலிலும் போய் நிற்பதில்லை என்ற அந்த ரோஷத்தை மெச்சத்தான் வேண்டும்.

அக்காலத்தில் ஸ்விங் எனும் நடன இசைக்கு இளைஞர்கள் பைத்தியமாய் இருந்தார்கள். சாக்ஸபோன், டிரம்பெட், டிரோம்போன் எல்லாம் வரிசை வரிசையாய் முழங்கும். யுத்தம் முடிந்ததும் அந்த மோகம் தணிந்தது. 1946 இறுதியில் பெயர்பெற்ற கோஷ்டிகள் பல கலைந்தன. ஆனால் எல்லிங்டன் கலைக்கவில்லை. தாம் இயற்றிய பாடல்களுக்கு வந்த உரிமைத் தொகையை எடுத்துக் கலைஞர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தார். மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்றிருந்த நாட்களை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இதன் அருமை விளங்கும்.

இருந்தும் 1951-இல் முக்கியமான சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸ் பிரிந்து போனார். 1955-இல் திரும்பி வந்தார். மறு ஆண்டு நியூபோர்ட் இசை விழாவில் பால் கொன்சால்வெஸ் என்பவர் ஒரே மெட்டை 27 சுற்று விடாமல் ஊதினார். கூட்டம் எழுந்து ஆடியது. மங்கியிருந்த கோஷ்டியின் பெயர் மீண்டும் பளிச்சிட்டது.

1963-இல் அமெரிக்க அரசு இவர்களை ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. சென்னையிலும் கொழும்பிலும்கூட வாசித்தார்கள். டில்லியில் எல்லிங்டன் நோயுற்று மருத்துவமனையில் படுத்தபோதும் கச்சேரி நிற்கவில்லை. அங்கே ஒரு மைனாவின் குரலைக் கேட்டு, அவருடைய துணை இசையமைப்பாளர் பில்லி ஸ்டிரேஹார்ன் அதை ஒரு மெட்டில் பொதிந்தார். 1966-இல் அது இசைத்தட்டுக்காகப் பதிவாயிற்று.

எல்லிங்டன் 1974 மே 24-ஆம் நாள் காலமானார். 1927 முதல் அவருடனேயே வாசித்துவந்த ஹாரி கார்னி, அடுத்த ஐந்து மாதத்திற்குள் கண் மூடினார். கோஷ்டியை மகன் மெர்சர் ஏற்று, 1996-இல் தாம் மறையும் வரை நடத்தினார்.