கோப்பு ஏன் வந்து சேரவில்லை?

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அளித்தவற்றில் விண்டோஸ், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகிய இரு இயங்குதளங்களும் இருந்தன. ஒரே கணிப்பொறிக்குள் இரண்டும் சண்டையின்றிக் குடியிருந்தன. ஆனால் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் விண்டோஸ் கணிப்பொறியிலுள்ள ஒரு கோப்பை, நூலகத்து லினக்ஸ் கணிப்பொறியிலிருந்து எடுக்க முயன்றால், 'தொடர்பு கிடைக்கவில்லை' என்ற செய்தியே பல வேளைகளில் கிடைக்கிறது. ஏன்?

பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடை வயலுக்கு வராவிட்டால் உழவர் என்ன செய்கிறார்? கால்வாய் வழியே நடந்து, எந்த மடை அடைபட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நாமும் அம்முறையையே கைக்கொள்வோம்.

பாதை

துறைக் கணிப்பொறியின் எண் 192.168.1.20, நூலகத்தினுடையது 192.168.2.30 என்று கொள்வோம். பொதுவான அமைப்பில் முதல் மூன்று பகுதிகள் வலையமைப்பையும், கடைசிப் பகுதி கணிப்பொறியையும் குறிக்கும். எனவே இவை வெவ்வேறு வலையமைப்புகள். இடையே ரவுட்டர் வேண்டும். அதன் முகவரி இரு கணிப்பொறிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். போகும் வழி இருந்து திரும்பும் வழி இல்லாவிட்டாலும் தொடர்பு நிகழாது.

பெயர்

பழைய முறையில் கணிப்பொறி, "இப்பெயருடையவர் யார்?" என்று வலையமைப்பு முழுவதும் கூவிக் கேட்கும். ரவுட்டர் இக்கூவலை அப்பால் விடுவதில்லை. ஆகவே பெயருக்குப் பதிலாக எண்ணைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணால் கிடைத்து, பெயரால் கிடைக்காவிட்டால் பழுது பெயரில்தான்.

வாயில்

விண்டோஸ் கோப்புப் பகிர்வு 445 என்ற எண்ணுள்ள வாயில் வழியே நடைபெறுகிறது. காவல் மென்பொருளாகிய ஃபயர்வால், வழக்கமாகத் தன் வலையமைப்பைச் சேர்ந்தவற்றுக்கே இவ்வாயிலைத் திறக்கிறது. அதே அறையில் நன்கு நடக்கும் பகிர்வு அடுத்த கட்டடத்தில் நடவாமற் போவது இதனால்தான். இதற்காக ஃபயர்வாலையே அணைத்துவிடக் கூடாது. நூலக வலையமைப்பின் எண்ணை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

மொழி

எஸ்.எம்.பி. என்னும் பகிர்வு மொழி 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றியது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சாம்பா மென்பொருளின் வழியாக லினக்ஸும் அதைப் பேசுகிறது. ஆனால் அதன் முதற்பதிப்பை இன்றைய விண்டோஸ் வழக்கமாக ஏற்பதில்லை. பழைய கணிப்பொறி அது ஒன்றையே அறிந்திருந்தால் பேச்சு முறியும். அப்போது பழைய கணிப்பொறியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமேயன்றி, முதற்பதிப்பை மீண்டும் இயக்கலாகாது. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற தீநிரல், விண்டோஸில் அப்பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே 150 நாடுகளுக்குப் பரவியது. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் சிகிச்சைகளும் தள்ளிப்போயின.

உரிமை

'அனுமதி இல்லை' என்ற செய்தி வந்தால் மனந்தளர வேண்டாம். முந்தைய மடைகள் யாவும் திறந்துள்ளன என்பதே அதன் பொருள். பகிர்வுக்கு ஓர் உரிமையும், கோப்புக்கு ஓர் உரிமையும் தனித்தனியே உண்டு. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும்.

இறுதியாக ஒன்று. நாகர்கோவில் வீட்டையும் தக்கலை வீட்டையும் இணையத்தின் வழியாக இணைப்பதாயின், 192.168 எனத் தொடங்கும் எண்கள் உதவா. அவை வீட்டிற்குள் மட்டுமே செல்லுபடியாகும். 445-ஆம் வாயிலை உலகுக்குத் திறந்துவிடுவது பேராபத்து. வி.பி.என். எனப்படும் மறைகுறியிட்ட தனிவழியை அமைத்துக்கொள்வதே தக்க முறையாகும்.